நான் பிள்ளை பிடித்த கதை

நான் ஒரு முறை ஒரு குழந்தையைக் கடத்தியிருக்கிறேன். பட்டப்பகலில், மலாயாவில், காஜா பேராங் சாலையில், ஊரே பார்க்க. (பதறாதீர்கள். காப்பிக் கடை வரைக்கும்தான் போக முடிந்தது.)

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் வாங்கியதற்கு, முந்தின வருடம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, மாமாவின் துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். வந்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் மலாயாவைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. அரைகுறைக்கு ஆர்ப்பாட்டம் அதிகம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அப்போதுதான் அந்த வதந்தி வந்தது. எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம். தூண் நிற்கக் குழந்தைத் தலை வேண்டுமாம். சாக்குப் பையும் கையுமாக ஒருவன் அலைகிறானாம். பாவாடைத் துணி வாங்க வந்த பெண்கள், துணியின் சாயம் போகுமா என்று கேட்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு யோசிக்க உட்கார்ந்தேன்.

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்ததால், அவசரகாலம் என்று பெரியவர்களுக்கெல்லாம் சர்க்கார் கைரேகை எடுத்து அடையாளக் கார்டு கொடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. காணாமல் போனால் எதை வைத்துத் தேடுவது? சர்க்காருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. புடவைப் பெட்டி அட்டைகளைத் துண்டு போட்டேன். பெயர், வயது, உயரம், மச்சம், கீழே கட்டைவிரல் ரேகை. உயரத்தைக் கடைக் கஜக்கோலால் அளந்தேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த வீட்டுப் பிள்ளையோட மச்சம் உனக்கு எதுக்குடா?"

"பாதுகாப்புக்கு மாமா."

"நாளைக்கு இந்த அட்டைங்க எவன் கையில போவும்?"

அதை நான் யோசிக்கவில்லை. அட்டைகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் திறந்தே கிடந்தன. பிள்ளை பிடிக்கிறவன் கடைக்கு வந்திருந்தால், வீடு வீடாக அலைகிற வேலை அவனுக்கு மிச்சம்.

தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டோ திட்டிக்கொண்டோ ரேகை வைத்தார்கள். மறுத்தவர் பொன்னம்மாக்கா ஒருவர்தான். அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

"எம்பிள்ளைக்கு அட்டை வேண்டாம் தம்பி. அவ பேரை எங்கயும் ஏத்தாத," என்று கதவைச் சாத்தினார்.

சாத்துவதற்குள் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு சிறுமி. இரட்டைச் சடை, பாவாடை, நெற்றியில் சாந்துப் பொட்டு. முகமோ அசல் சீன முகம். யார் வீட்டுப் பிள்ளையையோ திருடி வந்து, பொட்டு வைத்து மறைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அட்டை என்றதும் ஏன் பயப்பட வேண்டும்? துப்புத் துலக்கிவிட்ட மிதப்பில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் குழாயடியில் அந்தப் பெண் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பெயர் லெட்சுமி என்றாள். (பெயரையும் மாற்றிவிட்டார்கள் பாவிகள் என்று நினைத்துக்கொண்டேன்.) "வா, உன் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அம்மா சந்தைக்குப் போயிருந்ததால் அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவது என் திட்டம்.

காப்பிக் கடை முன்னால் வந்ததும், "சந்தை அந்தப் பக்கம்," என்றாள்.

"அது உன் சொந்த அம்மா இல்லம்மா," என்றேன், மிகவும் கனிவாக.

அவள் நடுரோட்டில் உட்கார்ந்து வீறிட்டாள். கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஊருக்குப் புதியவன் ஒருவன், அழுகிற குழந்தை, அவன் தோளில் சாக்குப் பை. (எழுதாத அட்டைகளையும் கஜக்கோலையும் அதில்தான் போட்டுக்கொண்டு திரிவேன்.) வதந்தியில் கேட்டது அத்தனையும் கண் முன்னால் நின்றது. முதல் அடி எங்கிருந்து விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைக்காரச் சீனர் கரண்டியோடு ஓடி வந்தார். என் பக்கம் பேச ஒருவராவது கிடைத்தார் என்று அவர் காலைப் பிடித்தேன். "தவுக்கே, இது உங்க சீனப் பிள்ளை," என்றேன். (சீன முதலாளிகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சீனப் பிள்ளையா? இது பொன்னம்மா மவ லா," என்றார், தமிழில்.

அதற்குள் பொன்னம்மாக்கா காய்கறிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். லெட்சுமி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"பெத்தவளே கொண்டாந்து குடுத்தா தம்பி. அவளுக்கு வளக்க முடியல, எனக்குப் பிள்ளை இல்ல. இந்த ஊர்ல எத்தனையோ தமிழ் வீட்டுல சீனப் பிள்ளை வளருது. எங்கிட்ட காகிதம் ஒண்ணும் கிடையாது. அட்டையில ஏறினா, யாரு பிள்ளைன்னு எவனாவது கேட்டு வருவானோன்னு பயந்தேன். நீயே வந்துட்ட."

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

லெட்சுமி விசும்பிக்கொண்டே சொன்னாள். "நீ என் அம்மா இல்லன்னு இந்த ஆளு சொல்றாரு."

அக்கா அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். "அவருக்குக் கண்ணு சரியில்லம்மா."

மாமா அன்றே அத்தனை அட்டைகளையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று எனக்கு விழுந்த பெயர் மட்டும் எரியவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை சோறு உண்ண மறுத்தாலும், "துணிக்கடைக்காரரைக் கூப்பிடவா?" என்ற ஒரு வார்த்தை போதும். பிறகு எனக்கும் கல்யாணமாகி மகள் பிறந்தாள். அவளுக்கும் என் மனைவி இதையே சொல்லித்தான் ஊட்டினாள்.

லெட்சுமிக்குக் கல்யாணம் நடந்தபோது புடவை எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம். எல்லோரும் அழுகைக்குத் தயாராக நின்றோம். பொன்னம்மாக்கா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என்னைக் காட்டினார்.

"இவரும் ஒருக்கா எம்பொண்ணக் கூட்டிட்டுப் போனாரு தம்பி. எங்கிட்ட கேக்காமப் போனதால காப்பிக் கடைய தாண்ட முடியல. நீங்க கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போறீங்க. நல்லா இருங்க."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கார் கிளம்பும்வரை மணப்பெண்ணின் கையை விடாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.