பதினோராம் மாடியில் முகம் தெரியவில்லை

“இன்னிக்கும் மூஞ்சி வரலியா?” என்று கேட்டாள் மீனாட்சி.

வேலு கைப்பேசியைச் சன்னல் பக்கம் நீட்டினார். கதவுப் பக்கம் நீட்டினார். கடைசியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். திரை கறுப்பாகவே இருந்தது. சிட்னிக்குக் கட்டிக்கொடுத்த மகள் தனுஜாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“உங்க லைன் தாங்காதுப்பா. குரல் கேக்குதுல்ல, அது போதும்.”

“போதாதும்மா. உங்கம்மா ஒன்னைப் பாக்கணுங்கறா.”

“இன்னும் நாலு மாசந்தானே. வீடு ரெடியானதும் பாத்துக்கலாம். வெச்சிடறேன்.”

வைத்தேவிட்டாள்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் இருந்த சொந்த வீட்டின் கூரையைக் கரையான் தின்றுவிட்டது. சரி செய்ய ஆறு மாதம் ஆகும் என்றார் கான்ட்ரெக்டர். அதுவரைக்கும் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வாடகைக்கு ஒண்டியிருந்தார்கள் கிழவனும் கிழவியும். எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் திரையில் பார்த்த மகள் முகம் அது. இங்கே வந்த முதல் மாதம் விட்டு விட்டாவது தெரிந்தது. இந்த ஒரு மாதமாக அதுவும் இல்லை.

“அவ குரலே சரியில்லீங்க.”

“சளி புடிச்சிருக்கும்.”

“ஒரு மாசமாவா?”

வேலு சட்டையை மாட்டிக்கொண்டார்.

இண்டர்நெட் கம்பெனி கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“அந்தக் கட்டடத்துக்கு ஃபைபர் வரல அங்கிள். பழைய டெலிபோன் வயர்தான் இருக்கு. அதுல படம் ஓடாது. அப்படியே வந்தாலும் ரெண்டு வருஷம் கான்ட்ரெக்ட் போடணும்.”

“ரெண்டு வருஷமா? நான் நாலு மாசந்தாம்மா இருப்பேன்.”

அவள் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது. “அப்படிலாம் சொல்லாதீங்க அங்கிள்,” என்றாள்.

சரி, கைப்பேசிக்கே டேட்டா கூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று போட்டார். வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டியது. வெளியே, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் தெரியும் நடைபாதைக் கம்பியில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, கையை முழுசாக நீட்டினால் மூன்று கோடு வந்தது. நாலாவதுக்காக இன்னும் கொஞ்சம் சாய்ந்தபோது, பக்கத்து வீட்டுக் காமாரியா ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“பாக்சிக், ஜாங்ஙான்,” என்று அழுதாள். வேண்டாம் பெரியவரே என்று அர்த்தம்.

அன்று சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருவர் நாசி லெமாக் சோறு கொண்டுவந்தார். ஒருவர் வாழ்க்கை எவ்வளவு அருமையானது என்று முக்கால் மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். நிர்வாகக் குழு வேலுவின் வீட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து காவல் காத்தது.

“இனிமே கம்பி பக்கம் போனா நம்ம ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்க,” என்றாள் மீனாட்சி.

கடைசியாகப் பசாருக்குப் பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஹைதரிடம் போனார்.

“சிம் போட்ட மோடம் இருக்குண்ணே. வயர் வேணாம், கான்ட்ரெக்ட் வேணாம். வீட்டுல பிளக்க சொருகுனா ஓடும்லா. ஐசி கார்டு குடுங்க, உங்க பேருல பதிஞ்சிடறேன்.”

வீட்டில் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ராத்திரி முழுக்க அதுவே எரிந்தது. காலையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“எந்த வீட்டுலண்ணே சொருகுனீங்க?”

“இருக்குற வீட்டுலதான்.”

“ஐசில சுங்கை பினாங்குல்ல போட்டிருக்கு? இது பதிஞ்ச அட்ரஸ்லதான் வேலை செய்யும்.”

“அந்த வீட்டுக்குக் கூரையே இல்லப்பா.”

“கூரைய அது கேக்காதுண்ணே, அட்ரஸதான் கேக்கும்.”

“அப்ப அட்ரஸ மாத்து.”

“மாத்தலாம்லா. பதினாலு நாளாகும்.”

இதைக் கேட்ட மீனாட்சி சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். “பதினாலு நாளுலாம் என்னால முடியாது. வாங்க, அந்த வீட்டுக்கே போவோம்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி சன்னல் வழியாக நீள வயரில் கரண்ட் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து வானம் தூறியது. இருந்தது ஒரே குடை.

“மோடத்துக்குப் புடிங்க,” என்றாள் மீனாட்சி.

“நீ நனையறியே.”

“நான் காஞ்சிடுவேன். அது காயுமா?”

மோடத்தை மடியில் வைத்து, அதற்கு மேல் குடையைப் பிடித்தார் வேலு. நீல விளக்கு எரிந்தது. மகளைக் கூப்பிட்டார். நாலு தரம் மணி அடித்தபின் திரை கண்ணாடிபோல் வெளிச்சமானது. தெரிந்தது தனுஜா இல்லை, அவளுடைய ஏழு வயது மகள் அதிரா.

“அம்மா குளிக்கிறாங்க தாத்தா. ஏன் வீட்டுக்குள்ள குடை புடிச்சிருக்கீங்க?”

“மழை ஒழுகுதும்மா. அம்மா வந்ததும் போனைக் குடு. பாட்டி அம்மா மூஞ்சியப் பாக்கணுமாம்.”

மீனாட்சி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அதிரா குளியலறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைக் கைப்பேசியோடு ஒட்டிவைத்துச் சொன்னாள்:

“நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க தாத்தா. அப்பா வரல, நாங்க ரெண்டு பேரும் போன மாசமே பட்டர்வொர்த்துக்கு வந்துட்டோம். எங்க ரூம்பு ஒழுகாது, ஃபெர்ரி ஏறி இங்க வந்துருங்க.”