நொட்டை அண்ணாச்சியின் பக்கம்

தூத்துக்குடியில் நொட்டை அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத கலைஞன் ஒருவன் இருந்தான் என்றால், அவன் தூத்துக்குடிக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். நாதஸ்வரக்காரர், சர்ச் பேண்டுக்காரர், சர்க்கஸ் கோமாளி, பள்ளி ஆண்டுவிழாவில் மயில் வேஷம் கட்டிய ஏழு வயதுக் குழந்தை, யாரையும் நொட்டை சொல்லாமல், குறை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. துறைமுகத்தில் காலைச் சங்கு ஊதுகிறவரை நடுரோட்டில் நிறுத்தி, "வேய், இன்னைக்கு முடிக்கிற எடத்துல இழுவை பத்தல" என்று சொன்னவர்.

எழுபதுகளில் ஒரு லாட்ஜில் அவர் எனக்கு அறைத் தோழர். நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. அவர் எந்த ஆபீசிலும் இல்லை. கலை விமர்சனம் எழுதியே பிழைப்பது என்று முடிவு செய்திருந்தார், அதுவும் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு! கார்பன் வைத்து எழுதி ஒரு பிரதியை மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் அனுப்புவார். பத்து அனுப்பினால் ஒன்று அச்சாகும். அதுவும் நாலே வரி, 'நமது நிருபர்' என்ற பெயரில். "யாருலே அந்த நமது நிருபர்? அவன் எந்தக் கச்சேரிக்கு வந்தான்?" என்று சுவரைப் பார்த்துக் கத்துவார். அவர் கேட்டதெல்லாம் தன் பெயரில் வாரம் ஒரு பக்கம். ஒன்பது வருஷமாக அதற்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு தவக்காலத்தில், பஸ்ஸில் அரைமணி தூரத்தில் உள்ள கடற்கரை ஊரில் பாஸ்கு போட்டார்கள். யேசுவின் பாடுகளை ஊரே சேர்ந்து நடிக்கிற நாடகம் அது. அண்ணாச்சி பதினொரு நாள் ஒத்திகைக்கே போய் உட்கார்ந்தார். யூதாஸாக நடித்தவர் சவரிமுத்து, கடலில் சங்கு குளிக்கிறவர். கடைசியில் யூதாஸ் தூக்கில் தொங்கவேண்டும். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், சவரிமுத்து கடலடியில் பிடிக்கிற மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் தொங்குவார். தொங்குவார், தொங்குவார், ஊர் கைதட்டி ஓயும்வரை தொங்குவார். அண்ணாச்சி நேரே போய், "நீரு சாகல வேய், மூச்சு காட்டுதீரு. அப்படியேதான் எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். எழுதியும் அனுப்பினார்.

கட்டுரை முழுப் பக்கத்துக்கு வந்தது, கொட்டை எழுத்தில் அண்ணாச்சியின் பெயரோடு. நான் லாட்ஜிலிருந்த எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் படித்தோம். அவர் எழுதியதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. 'கடலோர மக்களின் கள்ளமில்லாத பக்தி', 'நடிப்பறியாத எளிய உள்ளங்கள்' என்று எவனோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உருகியிருந்தான். கூடவே ஆசிரியர் கடிதம்: இதே பாணியில் வாரம் ஒன்று அனுப்புங்கள், பக்கம் உங்களுக்கு. நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

மறுநாளே சவரிமுத்து பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"அண்ணாச்சி, என்னைய என்னன்னு எழுதுதேன்னு சொன்னீரு?"

"சரியில்லன்னுதான் எழுதுனேன்."

"அது எங்கன இருக்கு? இங்கன நடிப்பறியாத உள்ளம்னுல்லா போட்டிருக்கு! மூணு மாசம் வசனம் உருப்போட்டிருக்கேன் வேய். மோசமா நடிச்சேன்னு எழுதும், வாங்கிக்கிடுதேன். நடிக்கவே தெரியாதுன்னா எப்படி?"

அண்ணாச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்பன் பிரதியை எடுத்து முழுசாக வாசித்தார். திட்டு மட்டும் ஒன்றரைப் பக்கம். சவரிமுத்து கண்ணை மூடிக் கேட்டார். மூச்சு விஷயம் வந்ததும், "அத இன்னொருக்க வாசியும்" என்றார். கேட்டுவிட்டு, "அப்ப எவ்வளவு நேரம் தொங்கணும்ங்கீரு?" என்றார்.

"நேரத்த விடும். யாரக் காட்டிக் குடுத்தோம்னு நெனச்சுக்கிட்டு தொங்கும்."

அவர் போனதும் அண்ணாச்சி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்: நான் எழுதியதைப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒம்பது வருஷம் அண்ணாச்சி!" கேட்கவில்லை. ஆசிரியர் இரண்டாவதைச் செய்தார். பக்கம் வேறொருவருக்குப் போனது.

அந்த வேறொருவர் நான்தான். 'கடற்கரை பற்றி எழுத அங்கே வேறு ஆள் உண்டா?' என்று லாட்ஜுக்கே கடிதம் போட்டார்கள்; எழுதிப் போட்டேன். எளிய உள்ளங்களை நானும் இரண்டு வருஷம் உற்பத்தி செய்தேன். ஆசிரியர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி எனக்கும் சேரும். அந்தப் பத்திரிகை பிறகு நின்றுபோனது. அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

அண்ணாச்சி என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. அடுத்த பாஸ்குவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சவரிமுத்து தொங்கினார். ஒரே ஒரு துடிப்பு, தலை சாய்ந்தது, அவ்வளவுதான். "ஏலே, அதுக்குள்ளயா செத்துட்டான்?" என்று ஊர் கத்தியது. அண்ணாச்சி அறைக்கு வந்து எழுதினார், அனுப்பினார். யாரும் போடவில்லை.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. அந்த இரண்டாவது பாஸ்குவுக்கு எழுதியதன் கார்பன் தாள் அதில் இருந்தது. அதன் கடைசி வரிகள்: 'இம்முறை யூதாஸ் மூச்சு காட்டவில்லை, மனம் வெந்து செத்தார். சவரிமுத்து அவர்களிடம் நொட்டை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.'

அந்த வரிகள் இதோ இந்தப் பக்கத்தில் அச்சில் வந்துவிட்டன அண்ணாச்சி. ஓர் எழுத்துகூட வெட்டவில்லை.