நோட்டுக்குள் இருந்த எர்மெக்

மேதெர் தன் முப்பத்தெட்டு வயதுவரை யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதே கிடையாது. அண்ணன் புது வேன் வாங்கியபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை, உண்மைதான். வயிறு சரியில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். அப்பேர்ப்பட்ட மனுஷனை, கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவன் ஒரே வாரத்தில் பாடாய்ப் படுத்திவிட்டான். அவன் பெயர் எர்மெக்.

எல்லாம் தீப்பெட்டி தேடப் போனதால் வந்தது. ஜன்னல் ஓரத்தில் மனைவி புருலின் இங்கிலீஷ் நோட்டு விரிந்து கிடந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டு அறைகளைப் பனியில் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று புருல் முடிவுகட்டி, கராகோல் ஊர் நூலகத்தில் வாரம் மூன்று மதியம் இங்கிலீஷ் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். இந்த மாதம் ஃப்ரேசல் வெர்ப். 'கெட்', 'டேக்', 'கிவ்' என்று பொடியாக ஒரு வினைச்சொல், அதன் வாலில் 'அப்', 'அவுட்', 'டவுன்' என்று ஒரு துண்டு. வாலை மாற்றினால் மாடு குதிரையாகிவிடும். தினமும் ஐந்தை மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ரொட்டிமாவு பிசையும்போதுகூட புருல் "கிவ் அப், கிவ் இன், கிவ் அவே" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

மேதெருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஓகே', 'டாக்சி' இரண்டுதான். போனை எடுத்து நோட்டின்மேல் காட்டினான். அது அவர்களுடைய கிர்கிஸ் மொழியில் மாற்றிக் கொடுத்தது.

'எர்மெக் விடியுமுன் எழுந்துவிடுகிறான். எர்மெக் அடுப்புச் சாம்பலை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான். எர்மெக் சிகரெட்டை விட்டுவிட்டான்.'

தீப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பற்றவைக்கத்தான் கை வரவில்லை. எவனோ ஒருவன் விடியுமுன் எழுவது இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"உங்க வகுப்புல எத்தனை பேரு?"

"எட்டுப் பேரு."

"எல்லாம் பொம்பளைங்கதானா?"

"டீ ஆறுது, குடிங்க."

"நான் கேட்டதுக்கு இதுவா பதிலு?"

"எதுக்குக் கேக்கறீங்கன்னு சொல்லுங்க. நானும் பதில் சொல்றேன்."

எதற்கு என்று சொன்னால் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்துவிடும். மேதெர் டீயை ஒரே மடக்கில் குடித்தான். ஆறவில்லை. நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

உள்ளுக்குள் குமைந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் புருல் அவனைப் பற்றி ஒரு துண்டுக் காகிதத்திலாவது நல்லதாக நாலு வார்த்தை எழுதியதுண்டா? கடைக்குப் போகும்போது 'உப்பு, எண்ணெய், மறக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்ததுதான் உண்டு. அந்த எர்மெக் சாம்பல் அள்ளினான் என்று மட்டும் முத்துமுத்தான எழுத்தில் எழுதுகிறாள். இவள் மனசு கைவிட்டுப் போகிறது என்று மேதெருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அப்போதே சபதம் போட்டான். எர்மெக் எதைச் செய்தாலும் அதை அவனைவிட ஒரு படி அதிகமாகச் செய்வது.

மறுநாள் கோழி கண்விழிக்கும் முன் எழுந்தான். சாம்பலை அள்ளிக் கொட்டினான். சிகரெட்டைத் தூக்கிப் போட்டான். மேதெரின் மகள் ஆய்சாத்தை எர்மெக் பள்ளியிலிருந்து கூட்டிவந்தான் என்று நோட்டில் படித்தபோது ரத்தம் கொதித்தது. 'என் மகளை இவன் யாருடா கூட்டிவர?' என்று மத்தியானமே பள்ளி வாசலில் போய் நின்றுவிட்டான். பாடம் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது.

புருல் எதையும் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. தினமும் எழுதினாள், நோட்டை ஜன்னலில் விரித்துவைத்தாள், போய்ப் படுத்தாள்.

புதன்கிழமை நோட்டில், 'எர்மெக் கம்பளங்களை வெளியே எடுத்துப்போய்ப் புதுப்பனியில் போட்டு அடித்தான்' என்று இருந்தது. மேதெருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் தூசி போகப் பனியில் கம்பளம் அடிப்பது பெண்கள் வேலை. ஆண்பிள்ளை கழியும் கையுமாக நின்றால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஆனாலும் சபதம் சபதம்தானே. மறுநாள் ஆள் நடமாட்டம் வருமுன் முற்றத்துப் பனியில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கமும் 'தொப்பு தொப்பு' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கூபான். அவன் கையிலும் கழி, காலடியில் கம்பளம்.

"டேய் கூபான்! உன் வீட்டுக்காரி எங்கடா?"

"சய்ரா தூங்கறா. உன் வீட்டுக்காரி?"

"தூங்கறா."

இரண்டு பேரும் மறுபடி கம்பளத்தை அடித்தார்கள்.

"கூபான், மறைக்காம சொல்லு. உனக்கு எர்மெக்னு யாரையாச்சும் தெரியுமா?"

கூபானின் கழி பனியில் விழுந்தது.

"சய்ராவோட இங்கிலீஷ் நோட்டுல இருக்கான்டா அவன்!"

"உன் வீட்டுலயா? என்ன பண்றான்?"

"கோழிக்கூண்டைக் கழுவறான். என் மாமியாருக்குப் போன் போட்டு நலம் விசாரிக்கிறான், படுபாவி! நானும் தினம் விசாரிச்சுத் தொலையறேன்."

"என் வீட்டுல சாம்பல் அள்றான்."

"அப்ப எப்படா தூங்குவான்?"

மேதெருக்கு இப்போது வேறு மாதிரி கோபம் வந்தது. புருல் இவ்வளவு பிரியமாக எழுதுகிறாள், அந்தப் பயல் அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டிலும் போய் நிற்கிறானே!

"என் பொண்டாட்டிய ஏமாத்தறான்டா அவன்! கிளம்பு, இன்னிக்கு அவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

மதியம் இருவரும் நூலகத்துக்குள் புயலாக நுழைந்தார்கள். உள்ளே எட்டுப் பெண்கள். பலகைக்கு முன்னால் ஜீபெக் டீச்சர். ஆண் வாடையே இல்லை.

"எங்க அந்த எர்மெக்? வெளிய வரச் சொல்லுங்க!" என்று மேதெர் கத்தினான்.

எட்டுப் பேரில் ஏழு பேர் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார்கள். புருல் மட்டும் சிரிக்கவில்லை.

"உக்காருங்க ஆய்சாத்தப்பா. வீட்டு ஆளைப் பத்தி எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. உங்க பேரை நான் எழுத முடியுமா? 'எங்க குடும்பத்துல பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ற வழக்கமில்ல'ன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னது யாரு?"

"நான்தான்."

"இங்க அஞ்சு வீட்டுல அதே கதைதான். அதான் எல்லாருக்கும் பொதுவா ஒரு பேரு வெச்சுக்கிட்டோம்."

"அப்ப... எர்மெக்னா நான்தானா?"

"நீங்கதான்."

"நீ எழுதுனப்ப நான் சிகரெட்டை விடலையே?"

"உண்மையைத்தான் எழுதணும்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. எழுதறப்ப பொய்யாத்தான் இருக்கு. ஒரு ராத்திரி ஜன்னல்ல வெச்சா உண்மையாயிடுது."

பக்கத்தில் இருந்த பெண்கள் அவசரமாக அதைக் குறித்துக்கொண்டார்கள்.

புத்தியுள்ளவன் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான். மேதெர் போகவில்லை. தோள்வலி அவனுக்கு, பேரும் புகழும் எர்மெக்குக்கா? எட்டுப் பெண்கள் ஒரு வாரமாக எர்மெக்கை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்களே! அதை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இனிமே என் பேரைத்தான் எழுதணும்!"

"வழக்கம்?"

"வழக்கமாவது, மண்ணாவது! நான் சொல்றேன், எழுது."

"சரிங்க," என்றாள் புருல். கொஞ்சம் நிறுத்தி, "மேதெர்" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டான். காதுவரை சிவந்துபோய் நின்றான். அந்த நேரத்தில் அவள் மலையைப் பெயர்த்துக் கொடு என்று கேட்டிருந்தால்கூடக் கடப்பாரை தேடியிருப்பான்.

"உங்க பேரை எப்படி எழுதட்டும்?" என்று சய்ரா கூபானைக் கேட்டாள்.

"எனக்கு எர்மெக்கே போதும். எர்மெக் செய்யறதா எழுதுனா எர்மெக்கே வந்து செய்யட்டும்."

அன்று மாலை புருல் நோட்டை ஜன்னலில் வைக்கவில்லை. நேரே அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வகுப்புல எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கணும். உங்க பேரு வருது, ஒருதடவை பாத்துடுங்க."

போனைக் காட்டிப் படித்தான். 'மேதெர் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறான். மேதெர் தெரு முனைவரை பனியை அள்ளி ஒதுக்குகிறான். மேதெர் முணுமுணுப்பதையே விட்டுவிட்டான்.'

மறுநாள் நாலரைக்கு மேதெர் தெருவில் நின்று பனி அள்ளிக்கொண்டிருந்தான், முணுமுணுக்காமல். கூபான் வீட்டில் விளக்கு எரியவில்லை. ஜன்னல் வழியாக, எர்மெக்காகவே இருந்துவிட்டவனின் குறட்டை மட்டும் நிம்மதியாக வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைக் கேட்டான். அந்த எர்மெக்மேல் அவனுக்கு அப்போது வந்த பொறாமை அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை.