மலை ஏற மறுத்த டர்போ

வாற்கோதுமை மூட்டை சுமந்த கழுதை ஒன்று அஸ்ராத்தின் பஸ்ஸை முந்திக்கொண்டு போயிற்று. முந்தியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னால் வந்த கழுதைக்காரன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, கயிறு ஏதும் வேணுமா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனான்.

அஸ்ராத்துக்கு வந்த கோபத்தில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான். பஸ் இருமியது, பின்பக்கம் கரும்புகையைக் கக்கியது, பிறகு அதே ஆமை நடையில் தெப்ரே ஸீனா ஏற்றத்தில் ஊர்ந்தது. டர்போ வைத்த வண்டி ஐயா இது, மலைக்கென்றே வாங்கியது. மேலே போகப் போகக் காற்று இளைத்துவிடும். அந்த இளைத்த காற்றை டர்போ அமுக்கித் திணித்து எஞ்சினுக்கு ஊட்டும். உயரம் கூடினால் இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டும். விற்றவன் அப்படித்தான் சொன்னான். ஒரு வாரம் முன்பு வரை அது ஊட்டத்தான் செய்தது. இப்போது என்ன கேடு வந்ததோ, மலையைக் கண்டாலே எஞ்சினைப் பட்டினி போடுகிறது.

வேறு நாளாக இருந்தால் பயணிகள் திட்டுவதோடு போயிருக்கும். இன்றைக்கு வண்டியில் இருந்தது பயணிகள் இல்லை. அஸ்ராத்துக்குப் பெண் கேட்கப் போகும் மூன்று பெரியவர்கள். டிரைவர் பக்கத்து இருக்கையில் தாய்மாமன் மெங்கேஷா, வெள்ளைக் கபிப் போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பாதிரியாரும், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும். மேலே தெப்ரே பிர்ஹானில் ஷெவாயே காத்திருந்தாள். அவள் அப்பா அத்தோ தெக்லுவை அஸ்ராத் கண்ணால் கண்டதில்லை, ஆனால் அவருடைய நிபந்தனை மட்டும் நன்றாகத் தெரியும். உச்சிப்பொழுதுக்குள் பெரியவர்கள் வாசலில் நிற்க வேண்டும். தவறினால், பிற்பகல் வரப்போகும் தானிய வியாபாரி வீட்டுப் பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். நாளை நோன்பு தொடங்குகிறது, இனி இரண்டு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது.

"நேரந்தவறுறவன் நாளைக்குப் பொண்டாட்டிகிட்டயும் தவறுவான்னு அப்பா சொல்றாரு. என்னைத் தானிய மூட்டையோட சேத்து அனுப்பிராத," என்று ஷெவாயே காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்.

இத்தனைக்கும் அஸ்ராத் சும்மா இருக்கவில்லை. வாரம் முழுக்கக் கீழே ஷெவா ரோபிட் மெக்கானிக்கிடம் நடையாய் நடந்தான். அந்த அடிவாரச் சூட்டில் வண்டி குதிரை மாதிரி ஓடியது. மெக்கானிக் நாலு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணுமில்ல, உன் கால்லதான் கோளாறு," என்றான். மலைக்கு வந்து பாரடா என்றால், குளிர் தனக்கு ஆகாது என்றான். அந்த ஆளின் பேச்சை நினைத்தாலே அஸ்ராத்துக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

புகை நாற்றம் உள்ளே வந்ததும் வாத்தியார் மெதுவாக ஜன்னலில் கை வைத்தார். மெங்கேஷா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாத்தியாரே, எங்கப்பன் காத்துப் பட்டுத்தான் செத்தான்," என்றார். கை தானாக விலகிக்கொண்டது.

அந்த விஷயத்தில் அஸ்ராத்தும் மாமன் கட்சிதான். புகையில் செத்தவர் உண்டா? இடுக்கு வழியாக வரும் காற்றில் போனவர்கள் ஊருக்கு நாலு பேர். போன வியாழக்கிழமைகூட ஷெவா ரோபிட்டில், தலையோடு கால் போர்த்திய ஒரு பெரியவர் இதே முன்னிருக்கையில் ஏறி, வண்டி கிளம்பும் முன்பே "காத்து, காத்து" என்று புலம்பினார். அஸ்ராத் மற்றவர்களைப்போல முகம் சுளிக்கவில்லை. இறங்கிப் போய் ஒவ்வொரு ஜன்னலாக இழுத்து மூடிவிட்டு வந்துதான் வண்டியை எடுத்தான். அவருடைய வீட்டம்மா, மரியாதை தெரிந்த பிள்ளை என்று வாயார வாழ்த்தினாள். வாழ்த்தி என்ன பயன், அன்றைக்கிருந்துதான் வண்டிக்குச் சனியன் பிடித்தது.

தெப்ரே ஸீனாவில் ஸிஸாய் என்ற மெக்கானிக்கைப் பிடித்தார்கள். டர்போ என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது. இந்த மலையில் தன் கை படாத டர்போவே கிடையாது என்றான். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "காத்தழுத்தம் ரொம்பக் கம்மி. டர்போவோட காத்தத் தெறந்து விடுற மூடிக்கு ஒரு கம்பி இருக்கு, அத ரெண்டு சுத்து முறுக்கினா சரியாப்போயிரும்."

முறுக்கினான். சரியாகிவிட்டதா என்று பார்க்கத் தானும் ஏறிக்கொண்டான்.

முதல் வளைவு வரை வண்டி பறந்தது. அஸ்ராத்துக்கு மனசு குளிர்ந்துபோய், ஷெவாயேக்குப் போன் போடலாமா என்றுகூட நினைத்தான். இரண்டாவது வளைவில் 'டப்' என்று ஒரு சத்தம். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாய் வாயைப் பிளந்துகொண்டு கழன்று தொங்கியது.

"குழாய் பழசு," என்றான் ஸிஸாய்.

"போன மாசம் மாத்தினது."

"அப்ப குழாய் புதுசு, அதான் இன்னும் பழகல. ஒரு நீளத்துணி குடுங்க, சுத்திக் கட்டிரலாம்."

பாதிரியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வாத்தியார் கழுத்துத் துண்டைச் சட்டைக்குள் திணித்தார். கடைசியில் மெங்கேஷாவின் புத்தம்புதுக் கபிதான் மாட்டியது. பெண் கேட்கப் போவதற்கென்றே நெய்து வாங்கியது அது. அதன் கரைப்பக்கம் ஒரு முழம் கிழிபட்ட சத்தத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டு நின்றது. ஆனால் முறுக்கின அழுத்தத்தைக் கண்டு வண்டிக்குள் இருந்த கம்ப்யூட்டர் மிரண்டுபோய், முகப்பில் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, இனி நடை வேகத்துக்கு மேல் ஒரு அடியும் இல்லை என்று மறுத்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

பாரத்தைக் குறைக்கலாம் என்றான் ஸிஸாய். பாரம் என்றால் யார்? மூன்று பெரியவர்களும் தார்மபெர் கணவாயில் இறங்கி நடந்தார்கள். மேகம் சாலையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் மெங்கேஷா எந்தக் காற்றுக்குப் பயந்து வாழ்ந்தாரோ, அந்தக் காற்று கிழிந்த போர்வை வழியாக அவரைத் தேடி வந்து அடித்தது. பஸ் அவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தது.

"நான் பொண்ணு கேக்கப் போறேனா, போருக்குப் போறேனாடா?"

அஸ்ராத் கடிகாரத்தைப் பார்த்தான். உச்சிப்பொழுது நெருங்கிக்கொண்டே வந்தது. ஷெவாயேயை அந்தத் தானிய மூட்டைக்காரனுக்குப் பக்கத்தில் கல்யாணக் கோலத்தில் நினைத்துப் பார்த்தான். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஒரு வாரமாக எல்லோரும் அவனைத்தான் குறை சொன்னார்கள். அவன் காலில் கோளாறாம். என்ன அநியாயம் இது?

அப்போது ஸிஸாயின் கையிலிருந்த திருப்புளி நழுவி முன்னிருக்கைக்கு அடியில் உருண்டது. முனகிக்கொண்டே குனிந்து துழாவினான். முன்பலகைக்குக் கீழே, பயணியின் முழங்காலுக்கு நேரே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் அவன் விரல் ஏதோ பிசுபிசுப்பில் பட்டது. நகத்தால் நெம்பினான். மஞ்சள் நிறத்தில் ஒரு மெழுகு உருண்டை கையோடு வந்தது. கூடவே 'உஸ்' என்று ஒரு சின்ன மூச்சு.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் குரலே மாறிவிட்டது. ஸிஸாய் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னான். சிவப்பு விளக்கு காணாமல் போனது.

"எனக்கு ஆரம்பத்துலயே சந்தேகந்தான்," என்றான் ஸிஸாய், கொஞ்சமும் கூசாமல். "இது இந்தப் பெட்டியோட மூக்கு. எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு இது வழியாத்தான் மோந்து பாக்கும். காத்து இளைச்சா டர்போவ இன்னும் வேகமாச் சுத்தச் சொல்லும். எவனோ கீழ வெச்சே மூக்க அடைச்சிருக்கான். உள்ள இருந்தது ஷெவா ரோபிட் காத்து. பாவம், வண்டி இன்னும் அடிவாரத்துலயே நிக்கறதா நெனச்சிக்கிட்டிருக்கு."

மெழுகில் கோயில் வாசனை அடித்தது. பூசைக்கு ஏற்றும் மெல்லிய தேன்மெழுகுத் திரியைப் பிசைந்து உருட்டியிருந்தார்கள். அஸ்ராத் மெதுவாகத் தலையைத் திருப்பி, முன்னிருக்கைக்கு உரியவரைப் பார்த்தான்.

"மாமா, காத்து வருதுன்னு இத அடைச்சது நீங்கதானே?"

மெங்கேஷாவுக்கு மூக்கு சிவந்தது. பேச்சு வந்தது, நிறையவே வந்தது. போர்வையைக் கிழித்தது போதாதா, பனியில் நடத்தினது போதாதா, இப்போது பழியும் போடுகிறாயா என்று கேட்டார். இந்த வண்டியில் தான் ஏறினதே இன்றைக்குத்தான், இது ஒரு வாரத்து வியாதி என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் சொன்ன கையோடு அவர் வந்த வழியே இறக்கத்தில் நடக்கத் தொடங்கியதுதான் கொடுமை. அஸ்ராத் ஓடிப்போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டு, பாதிரியார் சிலுவையைக் காட்டிச் சமாதானம் சொல்லி, ஒருவழியாக அவரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

"வர்றேன். ஆனா அங்க வாயத் தொறக்க மாட்டேன். நிப்பேன், அவ்வளவுதான்," என்று மெழுகு உருண்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். தான் நிரபராதி என்பதற்குச் சாட்சியாம்.

முறுக்கினதைத் தளர்த்தியதும் பஸ் சீட்டியடித்துக்கொண்டு ஏறியது. வழியில் அந்தக் கழுதையை முந்தினார்கள். இருந்தும் தெப்ரே பிர்ஹான் போய்ச் சேர்ந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. அத்தோ தெக்லு வீட்டு வாசலில் தானிய வியாபாரியின் கார் நின்றது, அவர் வீட்டுப் பெரியவர்கள் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அஸ்ராத்தின் பெரியவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மாப்பிள்ளை உள்ளே போவது வழக்கமில்லை. அஸ்ராத் வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

கேட்டதெல்லாம் அத்தோ தெக்லுவின் குரல்தான். காப்பிக்கொட்டை வறுபடும் வாசனைக்கு நடுவே, நேரத்தின் அருமை பற்றி ஒரு பிரசங்கமே நடந்தது. இரைந்துகொண்டே, சொன்ன நேரத்துக்கு வராதவர்களை உட்காரச் சொல்வதுகூடப் பாவம் என்றார். பாதிரியார் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. ஷெவாயே ஜன்னலோரம் வந்து அஸ்ராத்தைப் பார்த்த பார்வையில், தானிய மூட்டை எப்போது வேண்டுமானாலும் ஏற்றப்படலாம் என்று தெரிந்தது.

வாய் திறக்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்த மெங்கேஷாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மெழுகு உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, நடந்ததை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். கிழிந்த கபியைப் பிரித்துக் காட்டினார். "எங்க பையன் தப்புப் பண்ணல. எவனோ ஒரு அறிவுகெட்டவன் வண்டி மூக்குல இத அடைச்சிட்டுப் போனதுக்கு நாங்க அனுபவிக்கிறோம்."

அத்தோ தெக்லு கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். அவர் கோபம் முழுக்க அப்படியே திசை மாறியது. "அடுத்தவன் வண்டியில கை வைக்கிறவன் மனுஷனா? ஒரு பையனோட வாழ்க்கையவே கெடுக்கப் பாத்திருக்கானே. அந்த ஆள மட்டும் என் வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. இந்த நிமிஷமே உங்க பையனுக்கு என் பொண்ணக் குடுக்கறேன், இது கடவுள் மேல ஆணை."

காப்பித் தட்டோடு வந்த வீட்டம்மா நின்றாள். வேலியோரம் நின்றவனை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், மெழுகு உருண்டையை எடுத்து மோந்து பார்த்தாள், பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல எதுக்குங்க நிறுத்தணும்? போன வியாழக்கிழமை ஷெவா ரோபிட் பஸ்ல, முழங்கால்ல காத்து அடிக்குதுன்னு கோயில் மெழுகைப் பிசைஞ்சு அடைச்ச ஆளு, இதோ நாற்காலியில உக்காந்து கத்திக்கிட்டுத்தானே இருக்காரு."