லீவர் சாரும் பதினோரு வீடும்

தஞ்சாவூர் ஜில்லாவில் லீவர் சாரைப் போல நிலத்தை அளந்தவரும் கிடையாது, அவரைப் போல மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் கிடையாது. முதலாவதை ஜில்லா மறந்துவிட்டது. இரண்டாவதைப் பார்த்தவர்கள் இன்றும் சாலையின் ஓரமாகத்தான் நடக்கிறார்கள்.

தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு தாலுகா ஆபீஸில் அவர் சர்வேயர், நான் எழுத்தர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்ற எல்லாருக்கும் அவர் லீவர் சார். காரணம், அவருடைய பழைய கறுப்பு மோட்டார் சைக்கிள். அதன் கைப்பிடியில் வலது பக்கம் பிரேக் லீவர், இடது பக்கம் கிளட்ச் லீவர். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று எப்போதும் உடைந்திருக்கும், அல்லது உடையப் போகும் நிலையில் இருக்கும்.

ஏன் உடைகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். லீவர் சார் அங்கே போய், இருப்பதிலேயே மட்டமான டூப்ளிகேட் லீவராகப் பார்த்து வாங்குவார். விற்கிறவர் வேண்டாம் என்று கெஞ்சியும் வாங்குகிறவர் பிடிவாதம் பிடித்த ஒரே வியாபாரத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

“பாய், கிளட்ச் லீவர் ஒண்ணு குடுங்க.”

“போன மாசந்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க?”

“அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு.”

“இந்தத் தடவை ஒரிஜினல் எடுத்துக்குங்க சார். கம்பெனி சாமான். உங்க பேரன் வரைக்கும் வரும்.”

“எனக்குக் கல்யாணமே ஆகல பாய். டூப்ளிகேட்டே எடுங்க.”

பாய் இரண்டையும் எடுத்து மேஜை மேல் வைப்பார், மனசு மாறாதா என்ற நப்பாசையில். லீவர் சார் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளப்பார்.

“பாத்தீங்களா? நூல் பிசகல. ரெண்டும் ஒரே நீளம்.”

“நீளம் ஒண்ணுதான் சார். உள்ள இருக்கற சரக்கு வேற.”

“உள்ள இருக்கறத அளக்க சர்க்கார் எனக்கு ஸ்கேல் குடுக்கல பாய்.”

அவருக்கு ஒரு சித்தாந்தமும் இருந்தது. நல்ல லீவர் போட்டால் வண்டி விழும்போது லீவர் உடையாது, கைப்பிடி வளையும். மட்டமான லீவர் தன்னைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றும். வண்டி விழாமலே ஓட்டலாமே என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அது அவர் யோசித்தே பார்க்காத கோணம்.

ஒருநாள் காலை ஆபீஸ் வாசலில் நுழையும்போதே கிளட்ச் லீவர் கையோடு வந்துவிட்டது. கிளட்ச் இல்லாமல் வண்டியை நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். அப்புறம் நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் அவர் நிறுத்தவில்லை. ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டாவுக்கு வந்திருந்த ஜனங்கள் அவர் கூடவே ஓடிக்கொண்டு மனுக்களை நீட்டினார்கள். அவரும் ஒற்றைக் கையால் வாங்கி, ஓட்டிக்கொண்டே படித்து, “சிட்டா நகல் வைக்கலியே, அடுத்த சுத்துல குடுங்க” என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்த தாசில்தார் என்னிடம் சொன்னார்: “மத்தவங்க நாற்காலியில உக்காந்து ஒரு வாரத்துல முடிக்கறத இவரு அரை மணியில முடிச்சிட்டாரேய்யா. பேசாம எல்லாருக்கும் இப்படி ஒரு வண்டி குடுத்துடலாம்.”

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பதினோரு வீட்டு விவகாரம் வந்தது.

குடியிருக்கிற ஏழைகளுக்கு மனைப்பட்டா கொடுங்கள் என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்த சமயம். உத்தரவு மெட்ராஸிலிருந்து தஞ்சாவூர் வர ஒரு ராத்திரி ஆகும். தஞ்சாவூரிலிருந்து வாய்க்கால் கரைக் குடிசைக்குப் போய்ச்சேர ஒரு தலைமுறை ஆகும். எங்கள் தாலுகாவில் ஒரு கிராமத்தில் வயல் வேலை செய்கிறவர்களுடைய பதினோரு கூரை வீடுகள் இருந்தன. அது சர்க்கார் புறம்போக்கு என்று அவர்கள் சொன்னார்கள். இல்லை, என் பட்டா நிலம், காலி செய்யுங்கள் என்றார் ஊரின் பெரிய பண்ணைக்காரர். அவர் வீட்டு வாசலில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. ஆட்சி மாறினால் கம்பம் அப்படியே இருக்கும், துணி மட்டும் மாறும்.

அளந்து எல்லை சொல்ல வேண்டியவர் லீவர் சார். இரண்டு தடவை போனோம். வரைபடத்தில் இருந்த நாலு மூலைக்கல்லில் ஒன்று தரையில் இல்லை. அது இல்லாமல் அளந்தால் பண்ணை மறுநாளே கோர்ட்டில் தடை வாங்கிவிடும். வீட்டுக்காரர்கள் சார்பில் பேசியது அஞ்சலை என்ற பெண்மணி. “கல்லு இருந்திச்சுங்க. எங்க மாமியா அதுலதான் துணி தொவைக்கும்,” என்றார். இப்போது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது தடவைக்கு நாள் குறித்ததும் பண்ணையின் காரியஸ்தர் ஆபீஸுக்கே வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி.

“நீங்க வண்டியில படற கஷ்டத்த முதலாளி பாத்தாருங்க. அவரா பிரியப்பட்டுக் குடுத்தனுப்புனாரு.”

பெட்டியில் இரண்டு லீவர்கள். பளபளவென்று, கம்பெனி முத்திரையோடு. ஆபீஸே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. லீவர் சார் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஸ்கேலை எடுத்து அளந்தார். விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“நல்ல சாமான்,” என்றார். பெட்டியை மூடி நீட்டினார். “இதப் போட்டா வண்டி நீங்க சொல்ற எடத்துல நின்னுடும். எனக்கு வேணாம்.”

அன்று சாயங்காலமே கீழவாசல் போய் இரண்டு டூப்ளிகேட் வாங்கி மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது தடவை நாங்கள் போனபோது வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் பண்ணை ஆட்கள் தடியோடு, மறுபக்கம் வீட்டுக்காரர்கள் கையில் அறுப்பு அரிவாளோடு. தூரத்தில் ஒரு போலீஸ் ஜீப், பத்திரமான தூரத்தில். நான் பின்சீட்டில் மடியில் அளவுச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மழையில் கரை வழுக்கியது. இறக்கத்தில் லீவர் சார் முன் பிரேக்கைப் பிடித்தார். லீவர் ஒடிந்து கையோடு வந்தது. அவர் அதை ஒரு கணம் பார்த்தார்.

“போச்சு,” என்றார், தூறல் போடுகிறது என்று சொல்கிற குரலில்.

காலால் பின் பிரேக்கை மிதித்தார். ஈரக் களிமண்ணில் சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டு கூட்டமும் அந்த வருஷத்தில் முதல் முறையாக ஒற்றுமையாக விலகின. நாங்கள் நடுவில் புகுந்து காட்டாமணக்குப் புதருக்குள் போய் எதிலோ மோதினோம். நான் வாய்க்காலில் விழுந்தேன். அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். இடது கால் இருக்கக்கூடாத திசையில் இருந்தது.

இரண்டு பக்கத்து ஆட்களும் தடியையும் அரிவாளையும் போட்டுவிட்டு ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். லீவர் சார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, எதில் மோதினோம் என்று கையால் தடவினார். மேலே குறுக்குக்கோடு வெட்டிய கருங்கல். யாரோ அதன் மேல் மண்ணைக் கொட்டி, புதரை வளரவிட்டிருந்தார்கள்.

“கல்லு,” என்றார். “சங்கிலிய எடுங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அளந்துவிட்டுப் போகலாம் என்றார் அவர். தலைக்கு யாருடைய துண்டையோ வைத்துக்கொண்டு, படுத்தபடியே வரைபடத்தைப் பார்த்து உத்தரவு போட்டார். சங்கிலியின் ஒரு முனையை அஞ்சலையைப் பிடிக்கச் சொன்னார், மறுமுனையைக் காரியஸ்தரை. காரியஸ்தர் முகத்தைச் சுளித்தார்.

“இந்தக் கல்ல நீங்களே கொண்டாந்து போட்டிருக்கலாமே?”

“நான் தேடி வந்து மோதலீங்க. நிறுத்த முடியாம வந்து மோதினேன். இத்தன பேரு பாத்திருக்காங்க. போலீஸும் பாத்திருக்கு. சங்கிலிய இழுத்துப் புடிங்க.”

மற்ற மூன்று கல்லுக்கும் தூரம் சரியாக வந்தது. பதினோரு வீடும் புறம்போக்கில் நின்றன. அஞ்சலையின் கோழிக்கூண்டு மட்டும் இரண்டடி பண்ணை நிலத்துக்குள் இருந்தது. அதைத் தள்ளி வைக்கச் சொன்னார் லீவர் சார்.

“காலு ஒடிஞ்சு கெடக்கறப்பவும் கோழிக்கூண்டப் பாக்கறீங்களே ஐயா,” என்றார் அஞ்சலை.

“காலு என்னோடது. கூண்டு நிக்கற எடம் அவரோடது.”

கூண்டை நகர்த்திய பிறகுதான் ஜீப்பில் ஏறினார். அதற்குள் காரியஸ்தர் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தான் எந்தப் பக்கத்து ஆள் என்பது அந்த நிமிஷம் அவருக்கே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். வெளி வேலைக்குப் போனால் யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர், அஞ்சலை தூக்குவாளியில் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை விரலை நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“சார், இது லஞ்சத்துல சேராதா?”

“நான் மெடிக்கல் லீவுல இருக்கேன்யா. லீவுல இருக்கறவனுக்கு எவன் லஞ்சம் குடுப்பான்?” என்று சொல்லிவிட்டு, “நாளைக்குக் கொஞ்சம் புளி கம்மியா போடும்மா,” என்றார்.

பட்டா பதினோரு பேருக்கும் கிடைத்தது. அவருக்கு மாற்றல் உத்தரவு கிடைத்தது, கட்டுப் பிரிக்கும் முன்பே, வேறொரு ஜில்லாவுக்கு. அவர் அதைப் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி என்னிடம் கொடுத்தார்.

வண்டியை லாரியில் போட்டு அனுப்பிவிட்டு, ஊன்றுகோலோடு பஸ் ஏறினார். அவரை ஏற்றிவிட நான் ஒருவன்தான் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, “பாத்துப் போய்யா, ரோட்டுல கண்டவனெல்லாம் வண்டி ஓட்டறான்,” என்றார். பஸ் கிளம்பியது.

நான் ஆபீஸுக்குத் திரும்பினேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. அரை நாள் விடுப்புக்கு ஒரு தாள் எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘சொந்தக் காரியம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.