ஆமைக்குப் போட்ட சாய்தளம்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், எனக்குத்தான் வம்பு) ஒரு குளம் இருந்தது. அதற்கு மதில் இல்லை, வாசல் இல்லை, திறக்கும் நேரம் மூடும் நேரம் எதுவும் இல்லை. தாகம் எடுத்தவர்கள் வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். ஒரு குளம் இப்படிச் சும்மா கிடப்பது பூங்கா அதிகாரியான நரிக்குப் பொறுக்கவில்லை. 'அனைத்து விலங்குகளுக்குமான பூங்கா' என்று திட்டம் போட்டது. சிங்கராஜாவிடம் கையெழுத்து வாங்கியது. குளத்தைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டது.

அந்தக் குளத்திலேயே பிறந்து வளர்ந்த ஆமை கோமளம் அப்போது ஊரில் இல்லை. ஆற்றங்கரை மணலில் முட்டையிட்டுவிட்டு, பதினைந்து நாள் நடந்து திரும்பினாள். வந்து பார்த்தால் வாசலில் மூன்று படிகள், ஒவ்வொன்றும் அவளைவிட உயரம். முதல் படியில் முன்னங்காலை வைத்துத் தம் கட்டினாள். மல்லாக்க விழுந்தாள்.

வலையில் சிக்கிப் பின்னங்கால்கள் இரண்டையும் இழந்த முள்ளம்பன்றி வேலாயுதம்தான் உடம்பை இழுத்து இழுத்து வந்து, மூக்கால் முட்டி அவளை நிமிர்த்திவிட்டான்.

"நானும் மூணு நாளா ஏறிப் பாக்கறேன்க்கா. முடியல. மதில்ல கசியற ஈரத்த நக்கித்தான் உசுர வச்சிருக்கேன்" என்றான்.

இருவரும் மதிலுக்கு வெளியே இருந்த பூங்கா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். நரி ஒரு படிவத்தை நீட்டியது.

"இதுல உங்க உடம்புல என்ன குறைன்னு எழுதும்மா."

"எனக்கு ஒரு குறையும் இல்ல சார். படிதான் ஒசரம்."

"படி ஒசரம்னு எழுத இதுல கட்டம் இல்லையே. கருத்துக்கேட்புக் கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சார் நடந்துச்சு?" என்றான் வேலாயுதம்.

"மலை உச்சிப் பாறை மேல. அருமையான காத்து. கால் முடியாதவங்க ஒருத்தர்கூட ஆட்சேபம் சொல்லல. ரெக்கார்டுல இருக்கு."

படியை இடித்துவிட்டுச் சரிவாகப் போடுங்களேன் என்று கோமளம் கெஞ்சினாள். நரி பதறிப்போய் எழுந்து நின்றது.

"ராஜா வலது கால வச்சு ஏறி, வலது கால வச்சே உள்ள நுழையணும். அதுக்குத்தானே ஒத்தப்படையில மூணு படி! சரிவுல எந்தக் கால் எப்ப வரும்னு யாரு எண்றது?"

ராஜாவுக்கு நாலு கால். அதில் எது என்று கோமளம் கேட்கவில்லை. மனு கையில் இருக்கும்போது அதையெல்லாம் யார் கேட்பார்கள்? கடைசியில் நரி மனம் இரங்கி, படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட்டுத் தருவதாகச் சொன்னது.

போட்டார்கள். சுவரில் சாத்திய ஏணி மாதிரி நின்றது. வரையாடு ஒன்று அதில் ஏறி இறங்கிப் பார்த்து 'மிகவும் சௌகரியம்' என்று சான்றிதழ் கொடுத்தது. திறப்பு விழா வந்ததும், இடம் காலியாக இருக்கிறதே என்று அதில் வரிசையாக ரோஜாத் தொட்டிகளை வைத்தார்கள்.

விழாவில் படம் எடுக்க ஒரு பயனாளி வேண்டியிருந்தது. நாலு குரங்குகள் வந்து கோமளத்தைத் தூக்கின. சாய்தளத்தில் தொட்டிகள் இருந்ததால் படி வழியாகவே கொண்டுபோய், குளக்கரையில் ராஜாவின் பக்கத்தில் உட்கார வைத்தன. வேலாயுதத்தையும் தூக்க வந்தன. கையில் முள் குத்தியது.

"இவன அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்" என்றது நரி.

படம் எடுத்ததும் எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடினார்கள். கோமளத்தை யாரும் திரும்ப வெளியே தூக்கவில்லை. அவள் மெல்ல நகர்ந்து தண்ணீரில் இறங்கினாள். எத்தனை நாள் தாகம்! அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வேலாயுதம் விடவில்லை. சாய்தளம் யாருக்கும் பயன்படவில்லை என்று ராஜாவுக்கே மனு போட்டான். விசாரிக்க வந்த கரடியை நரி குளக்கரைக்கு அழைத்துப் போனது. வேலாயுதம் படிக்குக் கீழே கிடந்து, வாசல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வறண்ட மூக்கு வெடித்திருந்தது.

"நீதாம்மா பயனாளி. சாய்தளம் எப்படி இருக்கு?" என்று கரடி கேட்டது.

கோமளம் வாயைத் திறப்பதற்குள் நரி முந்திக்கொண்டது. "கஷ்டம்னா தாராளமா சொல்லும்மா. இப்பவே உன்னத் தூக்கி வெளிய விடறோம். நீயே ஏறி வந்து ஐயாவுக்குக் காட்டிடு."

கோமளம் வாசலைப் பார்த்தாள். வேலாயுதத்தைப் பார்த்தாள். காலுக்கடியில் தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது.

"ரொம்ப சௌகரியம் சார். கண்ண மூடிக்கிட்டு ஏறி வந்தேன்" என்றாள்.

கரடி விசாரணைக் கோப்பை மூடியது.

"அக்கா!" என்றான் வேலாயுதம்.

கோமளம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

நீதி: வழி சரியில்லாத பூங்காவுக்குள் எப்படியாவது போய்விடுங்கள். போன மறுநிமிடமே வழி சரியாகிவிடும்.