பத்து முடிந்து பதினொன்று

கம்ப்யூட்டரை ஆன் செய்து திரையைப் பார்த்ததும் சுருளிராஜனுக்குப் பகீரென்றது. செவத்தியைக் காணவில்லை.

"ஜோதி, நாயக் காணோம்" என்றார்.

அடுப்படியில் இருந்த ஜோதிலட்சுமி கையில் பிடித்த கரண்டியோடு கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொய்யா மரத்தடியிலதான கெடக்கு. எங்கன போயித் தேடுனீக?"

"அது இல்லத்தா. இங்கன இருந்த நாயி."

அவர் விரல் நீட்டிய இடத்தில் எப்போதும் செவத்தியின் படம் இருக்கும். செந்நிற உடம்பு, கறுத்த மூஞ்சி. பார்க்கிறவர்மேல் பாயப் போவதுபோல நிற்கும். இப்போது அங்கே நீல நிறத்தில் ஒரு ஜன்னலும் அதன் வழியாக வரும் வெளிச்சமும்தான் இருந்தன.

சுருளிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆக, புதுசு வந்துவிட்டது. அது எப்படி இருந்தாலும் பழகியே தீருவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

கோம்பையில் முதன்முதலாக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவர்தான். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம் அது. மதுரையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய பெட்டிக்கு ஜோதிலட்சுமி ஆரத்தி எடுத்தாள். பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தால் உள்ளே பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். படம் கிடையாது, பாட்டு கிடையாது. "அப்பல்லாம் நாம சொன்னத அது கேட்டுச்சு. இப்ப அது நம்மளக் கேக்குது, நெசமாத்தான் சொல்றியான்னு" என்பது அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும் குறை.

அந்தக் கம்ப்யூட்டரால்தான் நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு அவர் செயலாளர் ஆனார். எந்த நாய் எதன் குட்டி, தாய் யார், பாட்டன் யார் என்று ஊரில் உள்ள அத்தனை கோம்பை நாய்களின் வம்சாவளியையும் ஏற்றி வைத்து, குட்டி வாங்குகிறவர்களுக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன. செயலாளர் மாறவில்லை.

போன கூட்டத்தில்தான் வினை வந்தது. சான்றிதழ் வாங்க வீட்டுக்கு வந்திருந்த சூரியபிரகாஷ் என்ற இளவட்டம், திரையில் வந்த ஓர் அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான். செயலாளர் வீட்டில் ஓடுவது விண்டோஸ் பத்து. அதற்குக் காலம் முடிந்துவிட்டது. பதினொன்றுக்கு மாறச் சொல்லி அதுவே கெஞ்சுகிறது என்றான். மாறாவிட்டால் வம்சாவளி மொத்தமும் ஒருநாள் காற்றோடு போய்விடும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். அண்ணனுக்கு இனிமேல் புதுசெல்லாம் பழகச் சிரமம், பொறுப்பைத் தன்னிடம் கொடுத்தால் போனிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். அவன் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. விவரம் தெரிந்ததிலிருந்து போன்தான்.

தலைவர் கோட்டைச்சாமி எல்லோர் முகத்தையும் பார்த்தார். இரண்டு மூன்று தலைகள் ஆடுவதைக் கண்டதும் சுருளிராஜன் எழுந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்குப் பதினொன்றோடு வருவேன், யார் உதவியும் இல்லாமல் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவேன், தடுமாறினால் பொறுப்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஜோதிலட்சுமி ஒன்றுதான் கேட்டாள்.

"இத்தனை வருசமாவா பத்துலயே இருந்துச்சு? எங்க அண்ணனே மூணாந் தடவ எழுதிப் பாஸாயிட்டாக."

சின்னமனூரில் கிறிஸ்டோபர் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினொன்று போட்டுத் தரச் சொன்னார். சில நாள் கழித்து ஜீப் ஓட்டும் வீரபாண்டி சின்னமனூர் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. கிறிஸ்டோபர் குடும்பத்தோடு மேகமலைக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். பெட்டியைப் பக்கத்து பேக்கரியில் கொடுத்து வைத்திருந்தார். வீரபாண்டி அதை ஏற்றி வந்து இறக்கிவிட்டான். நன்றி சொல்லப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மேலே டவர் கிடையாது.

அது புதுசு என்பதற்கு அந்த ஜன்னல் படம் மட்டுமா சாட்சி? மழைக்காலத் தவளைபோல உறுமிக்கொண்டிருந்த பெட்டி இப்போது மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல் ஓடியது. ஆன் செய்துவிட்டுக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று இருந்த மிஷின், எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் வந்து நின்றது. எழுத்துகூட மாறியிருந்தது.

"கொஞ்சம் மெலிஞ்சு தெரியுது" என்றார்.

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

கண்ணாடி போட்ட பிறகும் மெலிந்துதான் தெரிந்தது. சரி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வேலையை ஆரம்பிப்போம் என்று செட்டிங்ஸுக்குள் போனார். பழைய கம்ப்யூட்டரில் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, தேவையும் வந்ததில்லை. இங்கே உள்ளே போகப் போக அறை அறையாகத் திறந்தது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று ஓர் இடத்தில் எண்ணைக் கேட்டது. சுருளிராஜன் தாராளமாக ஓர் எண்ணைக் கொடுத்தார்.

குப்பைத்தொட்டிப் படம் பாதித் திரையை அடைத்துக்கொண்டது. மீதியில் கடிகாரத்தின் ஓர் எண் மட்டும் நின்றது. சிறிதாக்குகிற இடம் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது.

அவர் அசரவில்லை. அம்புக்குறி பட்டன்களோடு வேறு எதையோ சேர்த்து அழுத்தினால் திரை நகரும் என்று ஒரு ஞாபகம் இருந்தது. எதைச் சேர்த்து என்பது மட்டும் ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்து அழுத்திக்கொண்டே வந்தார். திரை தலைகீழாகத் திரும்பியது.

ஜோதிலட்சுமி காபியோடு வந்தபோது மானிட்டர் தலைகீழாகக் கட்டிலில் சாய்ந்திருந்தது. இரண்டு தலையணைகள் முட்டுக் கொடுத்திருந்தன. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் நிதானமாக மௌஸை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இப்பிடித்தான் வைக்கணுமா?"

"பதினொன்னுக்கு இப்பிடித்தான் வசதி."

அவள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எழுத்து திரைக்குள் அடங்காததால் ஒரு வாக்கியத்தைப் படிக்கவே அரை நாள் ஆகும் போலிருந்தது. மிஷினே படித்துச் சொல்லும் வசதி ஒன்று உண்டு என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, தேடித் தடவி அதைப் பிடித்துவிட்டார். ஒரு கனத்த ஆண் குரல் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. அம்பு எதன்மேல் பட்டாலும் பேசியது. படாவிட்டாலும் பேசியது.

இங்கிலீஷுக்குப் பதில் தமிழில் பேசினால் உதவியாக இருக்குமே என்று மொழி மாற்றுகிற இடத்துக்குப் போனார். தமிழ் கண்ணில் பட்டுவிட்டது. அதை அழுத்தப் போகிற நேரத்தில், வீட்டுக்குள் முகம் தெரியாத ஓர் ஆம்பளை பேசுவதைக் கேட்ட செவத்தி, கொய்யா மரத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டிலில் ஏறியது. சுருளிராஜன் கை எங்கேயோ அழுத்தியது. செவத்தி ஸ்பீக்கர் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு, குரல் நின்றதை உறுதிசெய்துகொண்டு, வாலை ஆட்டியபடி இறங்கிப் போனது.

மிஷின் அணைந்து மறுபடி எழுந்தபோது எல்லாம் மலையாளமாக இருந்தது.

யார் உதவியும் கூடாது என்பதில் ஜீப் டிரைவர் சேர மாட்டான் என்று கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்மானித்துக்கொண்டு, வீரபாண்டிக்குப் போன் போட்டார். தினமும் கூடலூர் வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். குமுளி ஆட்களைவிட அவனுக்கு மலையாளம் நன்றாக வரும் என்று ஊரில் பேச்சு. வந்தவன் தலைகீழ் மானிட்டரைக் குனிந்து பார்த்தான், தானும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"பேசத்தாண்ணே தெரியும். படிக்கத் தெரியாது."

"முன்னாடியே சொல்றதுக்கென்னலே?"

"போன்ல நீங்க மலையாளம் பேசத் தெரியுமான்னுதான கேட்டீக."

வந்ததற்கு ஏதாவது செய்யாமல் போக அவனுக்கு மனசில்லை. குத்துமதிப்பாக நாலு இடத்தில் அழுத்தினான். நீல ஜன்னல் மறைந்தது. திரை முழுக்கக் கறுப்பாகி, எழுத்தெல்லாம் வெள்ளையாக மாறியது. வீரபாண்டி, தோட்டத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தான்.

சுருளிராஜன் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அவருடைய முதல் கம்ப்யூட்டரே திரும்பி வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான். அதில் வந்த இங்கிலீஷ் ஒன்றுகூடப் புரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. மதுரையில் வாங்கிய ஒரு புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக அடித்துப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தார். எழுத்து விளங்காத ஒரு மிஷினை அப்போதே அடக்கியவனுக்கு, மலையாளம் என்ன பெரிய மலையா?

ஒரு தாளை எடுத்தார். திரையில் இருந்த எழுத்துகளை ஜிலேபி பிழிகிற மாதிரி சுழித்துச் சுழித்து வரைய ஆரம்பித்தார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

"பாஷைன்னு போட்டிருக்கு. அத எதுக்கு எழுதுறீக?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கப்பா ஏலத்தோட்டத்துல வேல பாத்தாக. அஞ்சாப்பு வரைக்கும் வண்டன்மேட்டுல மலையாளப் பள்ளிக்கூடத்துலதான படிச்சேன். பொண்ணு பாக்க வந்தப்ப இதெல்லாம் விவரமாச் சொன்னாகளே. நீங்க எதக் கேட்டுக்கிட்டு இருந்தீகளோ."

"யார்கிட்டயும் ஒத்தாச கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

"அது சங்கத்துல. நான் என்ன சங்கமா?"

அதில் நியாயம் இருந்தது. அவள் படித்துச் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். முதலில் மொழி இங்கிலீஷுக்குத் திரும்பியது. அதோடு அவர் அவளை எழுந்து போகச் சொல்லிவிட்டார். மிச்சத்தைத் தானே நேராக்குவது என்று பிடிவாதம். கறுப்பு போனது, குப்பைத்தொட்டி சிறுத்தது, திரை நிமிர்ந்தது. புது வயர் வாங்கி மாட்டி, அந்தக் குரலைப் பேசவும் வைத்தார், நிறுத்தவும் செய்தார். செவத்தி வாசலில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு உட்காருவார். வேண்டுமென்றே எல்லாவற்றையும் கெடுப்பார், சரி செய்வார். மறுபடி கெடுப்பார். கூட்டத்துக்கு முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டே திரையைத் தலைகீழாக்கி நிமிர்த்தினார். பழைய கம்ப்யூட்டரில் ஒரே மூலையில் காலம் தள்ளிவிட்டோமே என்றுகூட ஒரு வருத்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். வீரபாண்டி ஜீப்பில் மானிட்டரும் பெட்டியும் வந்து இறங்கின. சூரியபிரகாஷ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சுருளிராஜன் முதலில் வம்சாவளியைத் திறந்து, கோட்டைச்சாமி வீட்டு நாயின் கொள்ளுப்பாட்டி வரைக்கும் காட்டினார். சான்றிதழை அச்சடித்துக் கையில் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. எழுத்தைப் பூதமாக்கிச் சுருக்கினார். திரையைக் கவிழ்த்து நிமிர்த்தினார். கறுப்பாக்கி வெளுக்க வைத்தார். மிஷினைப் பேசவிட்டு, வெளியே கட்டியிருந்த அத்தனை நாய்களும் குலைக்க ஆரம்பித்ததும் ஒரே பட்டனில் அதன் வாயை அடைத்தார். கடைசியாக மலையாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

கூடம் கைதட்டியது.

"பத்துல இதெல்லாம் செய்ய முடியுமா?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"பத்துல எங்க இருக்கு இந்த வசதி? அது ஒரு செத்த மிஷினு" என்றார் சுருளிராஜன். "இது வேற சாதி. வந்த அன்னைக்குக் கடிக்கத்தான் வரும். விடாமப் பழக்குனா நம்ம காலடியில படுத்துக்கிரும்."

சூரியபிரகாஷ் எழுந்து வந்தான். மௌஸைத் தொட்டு ஒருமுறை நகர்த்திப் பார்த்தான். இதெல்லாம் போனில் வராது என்று அவனே ஒப்புக்கொண்டு, தனக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டான். சங்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோரும் பதினொன்றுக்கு மாறுவது, அதைப் பழக்கிவிடும் பொறுப்பு செயலாளருடையது, செயலாளர் பொறுப்பு அவர் விரும்புகிற வரைக்கும் அவருடையது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கோட்டைச்சாமி மாலை போட்டார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வதை அவர் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கிறிஸ்டோபர் அவசரமாக உள்ளே வந்தார். மேகமலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார்; வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, மாலையோடு நின்ற சுருளிராஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, மலையில டவர் இல்லாமச் சொல்ல முடியாமப் போச்சு, உங்க மிஷினுக்கு வயசாயிருச்சு, பதினொன்னு அதுல ஏறவே மாட்டேன்னுருச்சு, நாய்ப் படமும் அதுல தவறிப்போச்சு, அதான் பழைய பத்தவே மறுபடி போட்டு, தூசி தட்டிக் குடுத்துவிட்டேன்."